அரசேலி மாட்டிய ரொட்டிப் பை

எங்கள் மலையூர் அல்காரிஸில் ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள டாக்டரைக் கூப்பிட வேண்டியதில்லை. வாசல் கதவைப் பார்த்தால் போதும். விடிந்ததும் கதவுப் பிடியில் ரொட்டிப் பை தொங்கும். வீட்டுக்காரர் எழுந்து பையை உள்ளே கொண்டுபோய், பொழுது சாய்வதற்குள் வெறும் பையைத் திரும்ப மாட்டிவிடுவார். மத்தியான மணி அடித்த பிறகும் ரொட்டியோடு பை தொங்கினால், அந்த வழியாகப் போகிறவர் யாராக இருந்தாலும் நின்று கதவைத் தட்டியாக வேண்டும். இது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. ஆனால் தட்டாமல் போனவனை ஊர் அப்புறம் ஒரு ஆளாக மதிக்காது.

மேல்தெருக்களுக்கு இந்தப் பைகளை மாட்டுகிறவள் அரசேலி. பேக்கரி வேன் சதுக்கம் வரைக்கும்தான் ஏறும். அதற்கு மேலே கோட்டை வரை படிகளும் சந்துகளும்தான். கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வாசலிலும் பையில் ரொட்டியைப் போட்டு, கதவிலிருக்கும் இரும்பு வளையத்தால் ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். குட்டையான, கெட்டியான உடம்பு. சந்தின் இந்த முனையில் பேசினால் அந்த முனையில் கேட்கும் குரல். யாரையும் சொந்தப் பேரால் கூப்பிட மாட்டாள், பட்டப்பெயர்தான்.

கோட்டையைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் கோட்டைக்கு முன்னால் அவளைத்தான் படம் எடுப்பார்கள். வெள்ளைச் சுவர், நீலக் கதவு, கையில் ரொட்டியோடு ஒருத்தி. அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? அரசேலி முகம் கொடுக்கத்தான் செய்வாள். ஆனால் வாய் சும்மா இருக்காது.

"என் மூஞ்சிய ஊரு ஊரா கொண்டுபோறாங்க. இன்னும் ஒரு ஊர்லயும் மாப்பிள்ளை கிடைச்சபாடில்ல" என்பாள்.

அந்தச் சிரிப்பெல்லாம் மேலுக்குத்தான். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது கூடை கனத்தது. வருஷத்துக்கு வருஷம் அது இலேசாகிக்கொண்டே வந்தது. ஒரு வீட்டில் கிழவர் செத்தால், பிள்ளைகள் கடற்கரைப் பட்டணத்திலிருந்து வந்து அழுதுவிட்டு, அடுத்த மாதம் வீட்டை விற்றுவிடுவார்கள். அப்புறம் அந்தக் கதவில் ரொட்டிப் பை தொங்காது. எண்களை அழுத்தினால் சாவியைத் துப்பும் சின்னப் பெட்டி ஒன்று திருகி மாட்டப்பட்டிருக்கும். வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிறவர்களின் வீடு அது. அந்தப் பெட்டியைக் கண்டாலே அரசேலிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அதைத் திட்ட மட்டும் அவள் வாய் திறக்க மாட்டாள். ஏனென்றால் கிணற்றுச் சந்தில் முதன்முதலாக அப்படி ஒரு பெட்டி வந்தது அவள் விற்ற வீட்டில்தான்.

அது அவள் பிறந்த வீடு. தெருக்கதவைத் திறந்தால் கல் பாவிய ஒரு நடை, அதன் முடிவில் முற்றம், சுற்றிலும் அறைகள். அப்பா சுண்ணாம்புச் சூளையில் வேலை பார்த்து மார்புச் சளியில் போய்ச் சேர்ந்தபோது அரசேலி பாவாடை இழுபட நடக்கிற குழந்தை. அண்ணன் பால்தொமேரோ பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொத்தனாரோடு சாந்து குழைக்கப் போனான். அம்மாவுக்கும் தங்கைக்கும் அவன்தான் சோறு போட்டான். கோட்டைச் சுவருக்குக் கீழே செங்குத்தான பாறையில் முளைத்திருந்த அத்திமரத்தில் ஏறி, மேலிருந்து பழத்தைத் தூக்கிப் போடுவான். இவள் பாவாடையை விரித்துப் பிடிப்பாள். தவறவிட்டால், "ஒனக்குக் கை எதுக்குடி, வெட்டிப் போட்டுடு!" என்று மரத்திலிருந்தே ஏசுவான். ஆனால் அடுத்ததைப் பார்த்துப் பக்கத்தில் போடுவான்.

பால்தொமேரோ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் சுவர் பேசும், அவர் பேசமாட்டார். எடுத்த முடிவை மாற்ற மாட்டார் என்பதற்காக ஊர் அவருக்கு வைத்த பெயர் 'கோவேறு கழுதை'. அது அவர் காதுக்கும் தெரியும். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்று நினைக்கிறேன்.

அரசேலி பஸ் ஓட்டுகிற பெர்மீனைக் கட்டிக்கொண்டு அதே வீட்டில் ஒரு பாதியில் குடியிருந்தாள். அம்மா போன பிறகும் மூன்று பேருக்கும் ஒரே அடுப்பு. நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் பெர்மீன் பக்கவாதம் வந்து சாய்ந்துவிட்டான். மேல்தெருவில் சக்கர நாற்காலி என்பது வெறும் பேச்சு. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாட்களில் பால்தொமேரோ வந்து, "ஏறு மாப்ளே, பஸ் வந்திருக்கு" என்று முதுகைக் காட்டிக் குனிவார். சதுக்கம் வரை சுமந்துகொண்டு இறங்குவார், மறுபடி சுமந்துகொண்டு ஏறுவார். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. ஆனால் அவருக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மழை நாளில் இருவரும் படியில் வழுக்கி விழுந்தார்கள். அடி பெரிதாக ஒன்றுமில்லை. அன்றைக்கு ராத்திரி அரசேலி தூங்கவில்லை.

கடற்கரைப் பக்கத்துக் கம்பெனி ஒன்று பழைய வீடுகளைத் தேடிக்கொண்டிருந்தது. கீழே புது ஊரில், படியே இல்லாத ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. அரசேலி தன் பாதியை எழுதிக் கொடுத்துவிட்டாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார், அவர் வேண்டாம் என்றால் அதை மீற இவளால் முடியாது. அதனால்தான் கேட்கவில்லை. காரணம் சரியானதுதான், செய்த விதம்தான் தப்பு. சின்ன ஊரில் தப்பாகச் செய்த சரியான காரியத்துக்கு மன்னிப்பே கிடையாது.

பால்தொமேரோவுக்கு விஷயம் தெரிந்தது, முற்றத்தில் ஒருவன் அளவு நாடாவோடு நின்றபோது.

"யாருப்பா நீ?"

"இந்தப் பாதிய வாங்கின கம்பெனியிலருந்து வர்றேன். நடுவுல சுவர் வைக்கணும்."

பால்தொமேரோ அவனை அங்கேயே விட்டுவிட்டு, நேரே இறங்கிப் போய், சதுக்கத்தில் காய் வாங்கிக்கொண்டிருந்த தங்கையின் முன்னால் நின்றார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஒம் புருஷன நான் சாகிற வரைக்கும் சுமந்திருப்பேன்டி."

"அது தெரிஞ்சுதான் அண்ணே கேக்கல."

"சரி. இனிமே நான் உசுரோட இருக்கிற வரைக்கும் என் வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது. எங்கிட்ட பேசவும் கூடாது."

அதோடு பேச்சு நின்றது. கம்பெனி அனுப்பிய கொத்தனார்களை அவர் விரட்டியடித்தார். "எங்கம்மா வீட்டுல வேற எவனும் சாந்துக் கரண்டி பிடிக்கக் கூடாது" என்று நடுச்சுவரைத் தானே எழுப்பினார். ஒரு வரிசை செங்கல் போதும் என்ற இடத்தில் இரண்டு வரிசை வைத்து, நடுவில் கல்லும் மண்ணும் போட்டு அடைத்தார். அந்தப் பக்கம் எவன் இருக்கிறான், செத்தானா என்று தெரியாதபடி ஒரு சுவர். நடை மட்டும் பொது. தெருக்கதவைத் தாண்டினால் இடது பக்கம் வெளியூர்க்காரர்களின் கதவு, நேரே பால்தொமேரோவின் கதவு.

பெர்மீன் சில வருஷத்தில் போய்விட்டான். அடக்கத்துக்குப் பால்தொமேரோ வந்தார். கல்லறை வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கடைசி ஆளாக நின்றார். பெட்டி இறங்கியதும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அரசேலி புருஷனுக்காக அழுதாளா, அண்ணன் முதுகைப் பார்த்து அழுதாளா என்று அவளுக்கே தெரியாது.

அதன் பிறகுதான் அவள் ரொட்டி வேலைக்குச் சேர்ந்தது. முதல் நாள் கிணற்றுச் சந்துக்குத் திரும்பும்போது கால் தயங்கியது. ரொட்டி எல்லாருக்கும்தானே என்று தன்னையே தேற்றிக்கொண்டு, தெருக்கதவின் பிடியில் ஒரு புதுப் பையை மாட்டி, வளையத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு ஓடாத குறையாக நடந்தாள். மறுநாள் பை காலியாகத் தொங்கியது. ஆனால் உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி மாட்டப்பட்டிருந்தது.

அதற்கு அர்த்தம் சொல்ல வாத்தியார் வேண்டாம். ரொட்டியைத் தின்கிறேன், அதற்காக நீ எனக்குத் தங்கச்சி என்று நினைத்துக்கொள்ளாதே. அன்றிலிருந்து தினமும் பை புரட்டியே தொங்கும். தினமும் இவள் அதை நேராக்கி ரொட்டி போடுவாள். "கழுதை, கழுதை" என்று முணுமுணுத்துக்கொண்டேதான்.

எதிர்வீட்டு சொகோரோ ஜன்னலிலிருந்து இதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள். சந்தில் ஊர்க்காரர் மிச்சமிருந்த இன்னொரு கதவு அவளுடையது.

"ஏடி, நீங்க ரெண்டு பேரும் ஒரு பையவே புரட்டிப் புரட்டிக் கிழிச்சிடுவீங்க போலிருக்கே."

"கிழியட்டும்க்கா. வேற பை தச்சுட்டாப் போச்சு."

"ஒரு நாளைக்கு உள்ள போய் அவன் தலையில ரெண்டு போடேன்."

"அவரே கூப்பிடட்டும். நான் போக மாட்டேன்."

தங்கைக்கும் அதே ரத்தம்தான். ஊர் அண்ணனுக்கு மட்டும் பட்டப்பெயர் வைத்தது ஓரவஞ்சனை.

இப்படியே ஒன்பது வருஷம் ஓடியது. அரசேலிக்கு ஆசை என்று ஒன்றே ஒன்றுதான் மிச்சம். தன்னை அவர் ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வீட்டுக்குள் விடக்கூட வேண்டாம். வாசலில் நின்று 'அரசேலி' என்றால் போதும். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றும்போதெல்லாம் இதைத்தான் கேட்டாள். வேறு எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த வருஷம் செப்டம்பர் கடைசியிலும் வெயில் விடவில்லை. மாதா திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. திருவிழாவுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்காதவன் அல்காரிஸில் கிடையாது. சொகோரோ தன் வீட்டை ஆள் வைத்து அடித்துவிட்டு, மகளைப் பார்க்கக் கடற்கரைப் பட்டணத்துக்குப் போயிருந்தாள். அரசேலி விற்ற பாதியில் வடக்கத்தி நாட்டிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்து தங்கியிருந்தார்கள். பால்தொமேரோவும் சுண்ணாம்பு கரைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலை நடைக்குள்ளிருந்து அந்த வாடை வந்தது. பை வழக்கம்போலப் புரட்டித் தொங்கியது. நேராக்கி, ரொட்டியைப் போட்டு, ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள்.

புதன்கிழமை காலை பை காலியாகத் தொங்கியது. நேராகத் தொங்கியது.

அரசேலி கூடையை இறக்கி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பையைத் தொட்டுப் பார்த்தாள். தையல் உள்ளே, பூ வேலை வெளியே. ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட இப்படி இருந்ததில்லை. கை மறந்து செய்திருப்பாரோ என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே அதைத் துரத்தினாள். அவர் மறக்கிற ஆளா? கூடையில் வேறு ஒருவருக்காக வைத்திருந்த, சோம்பும் ஆலிவ் எண்ணெயும் போட்டுச் சுட்ட இனிப்புத் தட்டையை எடுத்து ரொட்டியோடு பையில் வைத்தாள். சின்ன வயதில் அண்ணனும் இவளும் அதற்காக அடித்துக்கொள்வார்கள். தட்டிவிட்டுக் கீழே இறங்கியபோது பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனதைக் கண்டவர்கள் உண்டு.

வியாழக்கிழமை பை நேராகத் தொங்கியது மட்டுமில்லை, அடியில் ஏதோ கனத்தது. கையை விட்டால், காகிதத் துடைப்பானில் சுற்றி இரண்டு அத்திப்பழம்.

அவள் அப்படியே வாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பழத்தை மடியில் வைத்துக்கொண்டு, ரோட்டில் போகிறவன் வருகிறவன் பார்ப்பானே என்றுகூட இல்லாமல் அழுதாள். இத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமான அழுகை அவள் அழுததில்லை.

பிறகு எழுந்தாள். தெருக்கதவு திறந்துதான் இருந்தது. நடையின் முடிவில் அண்ணன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே நடந்து போனாள். கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. முதலில் பையை நேராக்கினார், அப்புறம் பழம் கொடுத்தார். ஒவ்வொரு அடியாக இறங்கி வருகிற மனுஷரை இப்போது அவசரப்பட்டுக் கலைத்துவிட்டால்? நாளைக்கு அவரே கூப்பிடுவார். கூப்பிடட்டும். அவர் கூப்பிட்டு நான் போனால்தான் அது போவது. கையை இறக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்தாள். ரொட்டியை மாட்டி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக வளையத்தைத் தட்டினாள்.

வழியெல்லாம் பழத்தைக் காட்டிக்கொண்டே போனாள். "கோவேறு கழுதை குடுத்தது! பாருங்க, கோவேறு கழுதை குடுத்தது!" கசாப்புக்கடைக்காரன் கையைத் தட்டினான். பேக்கரி முதலாளி எலோய், "இன்னிக்கி மழை கொட்டப் போகுது" என்றான்.

கூடை காலியாகிச் சதுக்கத்தில் வேனுக்குப் பக்கத்தில் நின்றபோது, அந்த வடக்கத்திக்காரத் தம்பதி பெட்டிகளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அந்த அம்மாள் அரசேலியின் கூடையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து பெட்டியை விட்டுவிட்டு வந்தாள். எங்கள் பாஷை அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் வந்தது.

"நீங்கதானே ரொட்டி? ரொம்ப நன்றி. மூணு நாளும். கதவுல. என்ன ருசி! அந்த இனிப்பும்."

அரசேலி சிரித்துத் தலையாட்டினாள். ஏதோ ஊரைப் பாராட்டுகிறாள் என்று நினைத்தாள். அந்த அம்மாள் அவள் கையிலிருந்த பழத்தைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டினாள்.

"அத்திப்பழம், நாங்க. சந்தையில நிறைய வாங்கிட்டோம். நன்றிக்கு. நல்லா இருந்துச்சா?"

அரசேலியின் முகத்தைப் பார்த்து அந்த அம்மாளின் சிரிப்பு நின்றுபோனது. தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று தெரியாமல் புருஷனைப் பார்த்தாள்.

கூடை எங்கே விழுந்தது, பழம் எங்கே உருண்டது என்று அரசேலி பார்க்கவில்லை. அந்தப் படிகளில் அவள் ஓடியதை இன்றும் சொல்வார்கள். மூச்சு வாங்க நின்றாளாம், சுவரைப் பிடித்துக்கொண்டாளாம், மறுபடி ஓடினாளாம். எலோய் பின்னாலேயே ஓடினான். செவ்வாய்க்கிழமை ரொட்டியை அவர் எடுக்கவில்லை. புதன்கிழமை எடுக்கவில்லை. இந்த ஒன்றுதான் அவள் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் வீட்டுக் கதவில் இரண்டு கையாலும் மோதினாள். அது திறந்துகொண்டது. தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. தள்ளினால் திறக்கிற கதவு.

முற்றத்தில் ஏணி சாய்ந்து கிடந்தது. சுண்ணாம்பு வாளி கவிழ்ந்து கல் முழுக்க வெள்ளையாகக் காய்ந்திருந்தது. பால்தொமேரோ துணி துவைக்கும் தொட்டிக்கு அடியில், குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் வாயில் விழும்படி தலையை வைத்துக்கொண்டு கிடந்தார். அந்தக் குழாயைச் சரிசெய்யச் சொல்லி அம்மா காலத்திலிருந்து ஏச்சு. தன் வீட்டு வேலை என்றால் கொத்தனாருக்குக் கை வராது. அந்தச் சோம்பல்தான் அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் விழுந்தவர். இடுப்பெலும்பு போயிருந்தது. கண் திறந்திருந்தது.

"அண்ணே! அண்ணே, நான்தான்!"

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

எலோயும் கசாப்புக்கடைக்காரனும் கதவு ஒன்றைக் கழற்றி, அதில் வைத்து அவரைச் சதுக்கம் வரை தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஆம்புலன்ஸ் அங்கேதான் நிற்க முடியும்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் அவர் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். அரசேலி ரொட்டியை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் கரண்டியைத் தள்ளினார்.

"அரசேலி."

ஒன்பது வருஷமாகக் கேட்ட வரம். 

"செவ்வாய்க்கிழமை நீ தட்டினது கேட்டுச்சு" என்றார். குரல் சல்லடை மாதிரி ஓட்டையாக இருந்தது.

"கேட்டுச்சா?"

"நல்லா கேட்டுச்சு. அப்ப எனக்குக் குரல் இருந்துச்சு."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. "கூப்பிட்டியா? எனக்குக் கேக்கலையே அண்ணே."

"கூப்பிடல."

அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஒன்னக் கூப்பிட்டா நான் தோத்த மாதிரின்னு நினைச்சேன். பை மத்தியானம் வரைக்கும் தொங்கும், போறவன் எவனாவது பாத்துட்டு வருவான், ஒரு நாள் வலி தாங்கலாம்னு கிடந்தேன். யாரும் வரல. மறுநாள் நீ தட்டினப்ப கத்தினேன். காத்துதான் வந்துச்சு. பக்கத்து வீட்டு ஆளுங்களுக்காகச் சுவத்தத் தட்டித் தட்டிப் பாத்தேன். நான் கட்டின சுவரு, எங்க கேக்கும்?"

அரசேலி எழுந்து நின்றாள். ஏச ஆரம்பித்தாள். அப்படி ஒரு ஏச்சை அந்த வார்டு அதற்கு முன் கேட்டிருக்காது.

"கழுதை! கோவேறு கழுதைன்னு ஒனக்குப் பேர் வச்சவன் வாயில சக்கரை போடணும்! ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம், அதுக்கு ஒனக்குக் கேடு வந்துச்சா? தோத்தா என்ன? தோத்துட்டுப் போயேன்! எங்கிட்டதானே தோக்கப் போற? நான் என்ன வேத்தாளா? மூணு நாள் குழாயில தண்ணி குடிச்சிட்டுக் கிடந்தியே பாவி, நான் வெளியில பையப் பாத்துப் பல்லக் காட்டிக்கிட்டு நின்னேன்டா!"

'டா' போட்டுவிட்டாள். ஆயுளில் முதல் தடவை. நர்ஸ் வந்து தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். பால்தொமேரோ ஏச்சு முழுவதையும் கேட்டுக்கொண்டு கிடந்தார். முகத்தில் கோபமே இல்லை. பிறகு மெதுவாக, "பையப் பாத்து எதுக்குப் பல்லக் காட்டினே?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். பை நேராகத் தொங்கியதையும், அத்திப்பழத்தையும், ஊரெல்லாம் காட்டிக்கொண்டு போனதையும் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு வலித்தது, ஆனாலும் சிரித்தார்.

"நானா? ஒனக்கா? அத்திப்பழமா?"

"ஆமா. எனக்குப் புத்தி இல்ல."

சிரிப்பு அடங்கியது. கூரையைப் பார்த்துக்கொண்டே, "குடுத்திருக்கணும்" என்றார்.

அரசேலி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சுண்ணாம்பு தின்று தின்று மரத்துப்போன கை.

"நான் மட்டும் என்ன பெரிய ஒழுங்கு? வியாழக்கிழமை உன் கதவுகிட்ட வந்தேன். கையத் தூக்கினேன். தட்டல. நீயே கூப்பிட்டுத்தான் வரணும்னு எனக்கும் ஒரு வீம்பு."

"அப்ப நானும் உள்ள மூச்சப் புடிச்சுக்கிட்டுக் கிடந்தேன்" என்றார். "காலடிச் சத்தம் கேட்டுச்சு. நின்னு, திரும்பிப் போச்சு."

 பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று வந்து சொல்லும்வரை அவள் கையை விடவில்லை.

திருவிழா ஊர்வலத்துக்கு முந்தின நாள் பால்தொமேரோ போய்விட்டார். சளி நெஞ்சை அடைத்துவிட்டது என்றார்கள். முதல் நாளே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். அரசேலி கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

அடக்கம் முடிந்து கிணற்றுச் சந்து வீட்டு முற்றத்தில் ஜனம் கூடியிருந்தது. சுவரில் பாதி வெள்ளை, பாதி பழைய நிறம். மகள் வீட்டிலிருந்து அலறியடித்துக்கொண்டு வந்த சொகோரோ மார்பில் அடித்துக்கொண்டாள்.

"நான் இருந்திருந்தா பார்த்திருப்பேனே! அடுத்தவன் வாசல்ல தொங்குறத எடுத்துத் தின்னுட்டு, பழத்த வேற வச்சிட்டுப் போயிருக்காளே அந்தச் சிறுக்கி! இந்த வெளியூர்க்காரங்கதான் அவனக் கொன்னது. ஒருத்தனையும் இந்த மலையில ஏற விடக் கூடாது!"

ஆமாம் ஆமாம் என்றார்கள் எல்லாரும். எலோய் நகராட்சிக்குப் போக வேண்டும் என்றான். இன்னொருவன் அந்தச் சாவிப் பெட்டியை உடைத்துப் போடலாம் என்று எழுந்தே விட்டான். எங்களுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. செத்தவரின் பேரைச் சொல்லி, வந்து போகிறவர்களை நாலு வார்த்தை ஏசலாம் அல்லவா?

அரசேலி ஏணியை நிமிர்த்திச் சுவரோரம் சாத்திக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்.

"உக்காருங்கப்பா. அவங்க ரொட்டியத்தான் எடுத்தாங்க. தெரியாம எடுத்தாங்க. கூப்பிடாம கிடந்தது எங்கண்ணன், தட்டாம திரும்பினது நான். நாங்க தெரிஞ்சுதான் செஞ்சோம்."